அதிர்வுக்கும் ஓர் அளவு உண்டு



கார் வாங்கும் நம் இளைஞர்கள் அதனுடன் சேர்த்து வாங்க விரும்பும் பொருள்களுள் ஒன்று சப்வூஃபர். இடியோசை போன்ற கனத்த ஒலிகளை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 100 வரையிலான அதிர்வுகளை மட்டும் எழுப்புவதற்கென்றே அமைந்த பெரிய ஒலிபெருக்கி அது. அது வேண்டுமா, வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். ஆனால், உழைத்த பணத்தில் வாங்கிய பொருள் சில மாதங்களிலேயே கருகிப் போவது வீண்விரயம் அல்லவா? அதைத் தடுக்கும் வழியை அறிந்துகொள்வது பெற்றோருக்கும் பயன் தரும்.

என் தங்கை மகன் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவன். வளைகுடாவில் உழைக்கும் அவனுடைய அண்ணன் அனுப்பிய பணத்தில் சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபையரும் பொருத்தினான். இரண்டே மாதத்தில் கருகிய வாடை வீசியது; ஒலி நின்றது. பொருத்திய கடையில் கேட்டபோது, புதிதாக இன்னொன்று வாங்கச் சொன்னார்கள். "மாமா, காக்காவிடம் மறுபடியும் எந்த முகத்தோடு கேட்பேன்?" என்று அவன் கலங்கினான்.

எங்கள் ஊரில் நெடுங்காலமாக ரேடியோ பழுதுபார்த்துவரும் பெரியவர் ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்றேன். கலைப் பட்டதாரியான எனக்கும் விளங்கும்படி அவர் எடுத்துரைத்தவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் இங்கே தருகிறேன்.

ஒலிபெருக்கியின் நடுவே, காந்தத்தின் இடுக்கில், மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்று உள்ளது. மின்சாரம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைந்து, தன்னோடு ஒட்டியுள்ள கூம்பை அசைக்கிறது. அவ்வாறு பாயும் மின்னாற்றலில் மிகச் சிறு பங்கே ஒலியாகிறது; ஏனையது வெப்பமாகிறது. ஆதலால் சப்வூஃபர் அழிவதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, வெப்பம் மிகுந்து சுருள் கருகுவது. மற்றொன்று, கூம்பு தன் எல்லைக்கு மீறி அசைந்து கிழிவது.

மதரஸாவில் மூச்சுக்கு மீறி உரக்க ஓதும் பிள்ளையின் குரல் உடைவதை நான் நாளும் காண்கிறேன். ஆம்ப்ளிஃபையரின் நிலையும் அதுவே. அதன் ஆற்றலுக்கு மீறிக் கேட்டால், ஒலி அலையின் உச்சி வெட்டுண்டு தட்டையாகிவிடும். அலை முற்றிலும் சதுர வடிவமாகிவிட்டால், அதே உயரமுள்ள இயல்பான அலையைக் காட்டிலும் இருமடங்கு ஆற்றலைச் சுருளில் செலுத்தும். சிறிய ஆம்ப்ளிஃபையரும் பெரிய சப்வூஃபரைக் கருக்கிவிடக்கூடியது இதனால்தான்.

பெரியவர் காரைத் திறந்து பார்த்தார். 'கெயின்' என்னும் திருகு கடைசிவரை முறுக்கப்பட்டிருந்தது. 'பாஸ் பூஸ்ட்' முழுவதும் ஏற்றப்பட்டிருந்தது. பேட்டரியிலிருந்து வந்த கம்பியோ மெலிந்தது. காரணம் தெளிவாயிற்று.

கெயின் என்பது ஒலியைக் கூட்டும் திருகு அன்று. முன்புறக் கருவியின் வெளியீட்டை ஆம்ப்ளிஃபையருடன் பொருத்துவதற்கானது. பாஸ் பூஸ்டை 6 டெசிபல் ஏற்றினால் 4 மடங்கும், 12 டெசிபல் ஏற்றினால் 16 மடங்கும் ஆற்றல் தேவைப்படும். எனவே அதைத் தொடாமல் விடுவதே நலம்.

கெயினை அமைக்கும் முறை எளியது. ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றுங்கள். பாஸ் பூஸ்டை அணைத்து, முன்புறக் கருவியின் ஒலியை முக்கால் பங்கு வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை இயக்கி, ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டை மல்டிமீட்டரில் ஏ.சி. வோல்ட்டாக அளந்தவாறே கெயினை மெல்ல உயர்த்துங்கள். ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர் இரண்டில் எதன் வாட் குறைவோ, அதை ஓம் அளவால் பெருக்கி, அதன் வர்க்கமூலம் காண வேண்டும். 300 வாட், 4 ஓம் எனில் விடை ஏறத்தாழ 34.6. அந்த வோல்ட் அளவுடன் நிறுத்திவிட வேண்டும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட 'மேக்சிமம்' வாட்டைக் கண்டு மயங்காதீர்கள். தொடர்ந்து தாங்கக்கூடிய 'ஆர்.எம்.எஸ்.' வாட்டே கணக்கில் கொள்ளத்தக்கது. ஓம் அளவிலும் கவனம் தேவை. 4 ஓம் சுருள்கள் இரண்டை இணையாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகும். தொடராகச் சேர்த்தால் 8 ஓம் ஆகும். ஆம்ப்ளிஃபையர் தாங்கும் அளவுக்குக் கீழே செல்லக் கூடாது.

தடித்த செம்புக் கம்பியையே பயன்படுத்துங்கள். பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் பொருத்துங்கள். இது சப்வூஃபரை மட்டுமன்று, காரில் அமர்ந்திருக்கும் உயிர்களையும் தீயிலிருந்து காப்பதாகும். துளையுள்ள மரப்பெட்டியாயின், மிகத் தாழ்ந்த அதிர்வுகளைத் தடுக்கும் 'சப்சானிக்' வடிகட்டியை இயக்கிவைக்க வேண்டும். இல்லையேல் கூம்பு கட்டின்றித் துள்ளும். அரிசி மூட்டையும் பயணப் பெட்டியும் கூம்பில் இடித்துவிடாதபடி இரும்பு வலை போடுவதும் அவசியம்.

ஒலி கரகரத்தாலோ கருகல் வாடை வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். கூம்பை இரு கைவிரல்களாலும் சமமாக மெல்ல அழுத்தும்போது உரசல் கேட்டால், சுருள் பழுதுபட்டது என்று பொருள். அந்நிலையிலும் புதிது வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. பல இடங்களில் சுருளை மட்டும் மாற்ற இயலும். என் மருமகனுக்கு அந்தப் பெரியவர் அவ்வாறே மாற்றிக் கொடுத்தார். காக்காவிடம் மறுபடி கையேந்தும் நிலை நேரவில்லை.

இறுதியாக ஒன்று. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது வல்லுநர் கணிப்பு. அதற்குமேல் 3 டெசிபல் கூடும்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு 15 நிமிடமே எல்லை. கருகிய சுருளை மாற்றிவிடலாம்; பின்னிருக்கையில் உறங்கும் குழந்தையின் செவிக்குள் அழிந்துபோன நுண்ணிய உயிரணுக்களை எந்தக் கடையிலும் மாற்ற முடியாது. ஆகவே, ஒலித் திருகில் கை வைக்கும் முன், பின்னிருக்கையில் இருப்பவர் யார் எனத் திரும்பிப் பாருங்கள்.