நடந்தேன்... நடந்தேன்... சொறிந்தேன்!

எங்கள் வரதராஜன்பேட்டையில் விடியற்காலை தெருமுனையில் நின்றுகொண்டு, ‘ஆரோக்கியம்!’ என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். ஆரோக்கியசாமி, ஆரோக்கியராஜ், ஆரோக்கியமேரி என்று பத்துப் பேராவது வாசலுக்கு வந்துவிடுவார்கள். மாதா புண்ணியத்தில் பெயருக்குப் பஞ்சமே கிடையாது. என் பெயரிலும் அது முன்பாதியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பில்தான் ஒட்டவில்லை என்று 2022-ல் ஒரு லேப் ரிப்போர்ட் வந்து சொன்னது. சாப்பிட்ட பின் சர்க்கரை 268!

நான் ரிடையரான கணக்கு வாத்தியார். மதிப்பெண் என்றால் அதிகம் வாங்குவதுதான் பெருமை என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவன். இந்த ஒரு பரீட்சையில் மட்டும் அது செல்லுபடியாகவில்லை.

“நடங்க” என்றார் டாக்டர். நடந்தேன்.

பட்டணத்தில் நடப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பார்க் இருக்கும். வட்டமாகச் சுற்றலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எங்கள் பக்கம் வேலையில்லாமல் ஒருத்தன் வேகமாக நடந்தால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். முந்திரிக்காட்டு ரோட்டில் முதல் நாள் கைகளை வீசிக்கொண்டு போனேன். பைக் ஒன்று நின்றது. பழைய மாணவன்.

“ஏறுங்க சார், எங்க போவணும்?”

“எங்கயும் இல்லப்பா, சும்மா நடக்கறேன்.”

“சும்மாவா? பரவால்ல, ஏறுங்க சார். நான் வுட்டுட்டுப் போறேன்.”

எங்கேயும் போகாதவனை எங்கே கொண்டுபோய் விடுவான்? ஆனாலும் அவன் வாத்தியாரை நடக்க விடுவதாயில்லை. இப்படி ஒரு வாரத்தில் ஏழெட்டு பைக். அடுத்த வாரம் செய்தி பரவி, “என்ன சார், சர்க்கரையா?” என்று டீக்கடையிலிருந்தே விசாரணை. மூன்றாவது வாரம் ஆளுக்கொரு மூலிகை.

இதற்கெல்லாம் அசராமல் ஆறு மாசம் நடந்தேன் ஸார். இடுப்பில் இரண்டு அங்குலம் குறைந்தது. பையன் சென்னையிலிருந்து வழுவழுவென்று ஒரு டிராக் பேன்ட் வாங்கி அனுப்பினான். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அந்தச் சனியன் பிடித்த டிராக் பேன்ட்டில்தான் வினையும் வந்தது.

சித்திரை வெயில். காலை ஏழு மணிக்கே உடம்பு நனைந்துவிடும். நடந்துவிட்டு வந்தவன் நேராகக் குளித்தேனா? இல்லை. அதே ஈர உடுப்போடு திண்ணையில் பேப்பர், காபி, அக்கம்பக்கத்து அரட்டை. பத்து மணிக்குக் குளியல். தொடை இடுக்கில் முதலில் ரூபாய் நாணயம் அளவில் ஒரு வளையம். ஓரத்தில் சிவப்பு, நடுவில் வெளுப்பு. கணக்கு வாத்தியாருக்கு வட்டம் தெரியாதா? படர்தாமரை. பெயரை வைத்தவர் நல்ல ரசிகர். அரிப்பைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கேதான் நான் முந்திரிக்கொட்டை வேலை செய்தேன். (பழத்துக்கு வெளியே கொட்டை துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் அந்தப் பட்டத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் அதற்கு விளக்கமே தேவையில்லை.) டாக்டரிடம் போகவில்லை. வெளியூரில் ஒரு மருந்துக்கடையில், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “தம்பி, அரிப்பு...” என்றேன். அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு ட்யூபைத் தள்ளினான்.

“ரெண்டே நாள்ல போயிடும்.”

அவன் பொய் சொல்லவில்லை. இரண்டே நாளில் போயிற்று! நிறுத்தினேன், வந்தது. போட்டேன், போயிற்று. நிறுத்தினேன், இடுப்புவரை வந்தது. ஐந்து மாசத்தில் ஒன்பது ட்யூப். கடைசியில் நடையை நிறுத்தினேன். வியர்த்தால் நெருப்பாய் எரிந்தது. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். பேன்ட்டை மடித்து பீரோவுக்குள் வைத்தாயிற்று. சர்க்கரை, கேட்கவே வேண்டாம், பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

என் சகதர்மிணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷ தாம்பத்யம். ஆனாலும் எப்படிச் சொல்வது? தனியாகப் படுத்தேன், துண்டை ஒளித்து வைத்தேன், ஆனால் துணிகள் மட்டும் ஒரே வாளியில்தான் ஊறின.

ஒருநாள் அவளே சொன்னாள்: “ஏங்க, ராத்திரியெல்லாம் பரக் பரக்னு சொறியிறீங்க. கும்பகோணத்துல தோல் டாக்டரு இருக்காங்களாம், கெளம்புங்க.” துணைக்கு நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பினாள்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மாணவியாக இருந்திருக்கக்கூடிய வயசு. காட்ட வேண்டியதைக் காட்டினேன். (இந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.) காலி ட்யூபை வாங்கிப் பார்த்தவர், “இதுல ஸ்டீராய்டு இருக்கு சார். அரிப்பை அமுக்கிடும், காளானைக் கொழுக்க வைக்கும்” என்றார். உள்ளே நடப்பது இதுதானாம்: தோலின் மேல்படலத்தில் இருக்கும் கெரட்டின்தான் அந்தக் காளானுக்குச் சாப்பாடு. உடம்பு அதை எதிர்ப்பதைத்தான் நாம் சிவப்பு, அரிப்பு என்கிறோம். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பைத் தூங்க வைக்கிறது. காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு, வீடு அமைதியாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். போதாக்குறைக்குத் தோலும் மெலிந்து, தொடையில் வரிவரியாகப் பிளந்திருந்தது. அந்த வரிகள் இன்றும் இருக்கின்றன, இனி போகாது.

இந்த மாதிரிக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. அது கவுண்டரைத் தாண்டி என்னிடம் வரவில்லை, ட்யூப்தான் வந்தது. இன்னொரு பெருமையும் கேளுங்கள். நம் நாட்டில் இப்போது பிடிவாதமாகப் பரவும் படர்தாமரைக் காளானுக்கு 2020-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் ‘டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டீனியே’. நடுவில் ‘இன்டோ’! சாதாரண மாத்திரைக்குக்கூட மசியாத ரகம் அதில் உண்டாம்.

“வீட்ல வேற யாருக்காவது இருக்கா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்லைங்க” என்றேன் பட்டென்று.

பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கும் இருக்கு” என்றாள். நாலு மாசமாம்! குப்பையில் நான் போட்ட ட்யூபைப் பிதுக்கி, மிச்சம் மீதியைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வெட்கப்பட்டு அவளிடம் மறைத்தேன். நான் சங்கடப்படுவேனே என்று அவள் என்னிடம் மறைத்திருக்கிறாள்.

அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. டாக்டர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் கறுத்து, உரிந்து, ரேகையே இல்லை. “முந்திரி உடைக்கிறீங்களாம்மா?” என்றார். சீசனில் எங்கள் பக்கத்துப் பெண்கள் முந்திரிக்கொட்டை உடைப்பார்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் பொத்துப்போகும். அதற்குச் சாம்பலைத் தொட்டுக்கொள்வதுதான் இவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். மாங்காய்ப் பால் பட்டால் வாய் வெந்துபோகிறதல்லவா? முந்திரியும் மாவும் ஒரே குடும்பம்தான். ‘கை ஏண்டி இப்படி சொரசொரங்குது?’ என்று பல வருஷம் கேலி பேசியிருக்கிறேன். டாக்டர் கையுறை போடச் சொன்னார். இப்போது போடுகிறாள். வேகம் குறைகிறதே என்ற புலம்பலும் தினம் உண்டு.

அடுத்து டாக்டர் என் பின்கழுத்தைத் தடவினார். வெல்வெட் மாதிரி ஒரு கறுப்பு. அழுக்கென்று நினைத்துத் தேங்காய்நாரால் தேய்த்து ரணமாக்கியிருந்தேன். “இது அழுக்கில்ல சார். இன்சுலின் சரியா வேலை செய்யலன்னு தோல் எழுதிக் காட்டுது. எடை குறைஞ்சா இதுவும் குறையும்.” அதாவது லேப் ரிப்போர்ட்டுக்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே கழுத்தில் எழுதியிருந்திருக்கிறது. பின்பக்கம் எழுதினால் வாத்தியார் எப்படிப் படிப்பார்?

“நடந்துட்டு வந்து என்ன சாப்பிடுவீங்க?”

“அதிகமில்லம்மா, ஒரு கைப்பிடி முந்திரி.” எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்?

டாக்டர் சிரித்துவிட்டு ஒரு கணக்குக் கொடுத்தார். நூறு கிராம் முந்திரியில் ஏறக்குறைய 550 கலோரி. நாற்பது நிமிஷ நடையில் என் எடைக்குச் செலவாவது சுமார் 150. ஒரு கைப்பிடி 27 கிராம் என்றால்... விடை 148.5! ஆறு மாசம் நடந்த வரவு மொத்தமும் கைப்பிடியில் பற்று. முந்திரி கெட்டதில்லை, ஐந்தாறு போதும், பசிக்கு அவித்த முட்டையோ சுண்டலோ சாப்பிடுங்கள் என்றார். இடுப்பு குறைந்தது அப்புறம் எப்படி என்று கேட்க நினைத்தேன். டிராக் பேன்ட்டின் எலாஸ்டிக் தளர்ந்திருக்கலாம் என்று தோன்றவே, கேட்கவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வைத்தியம் ஆரம்பமானது. மாத்திரை, களிம்பு. வளையத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வெளியேயும் பூச வேண்டும், போய்விட்டது என்று தெரிந்த பிறகும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது. நடந்து வந்ததும் குளியல், இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைப்பு, ஆளுக்கொரு துண்டு, துணிகளை வெந்நீரில் அலசி உட்புறம் வெளியே தெரிய வெயிலில் காயப்போடுவது. அரைஞாண் கயிறும் போயிற்று, அதுவும் காளானுக்கு ஒரு குடியிருப்பாம். டிராக் பேன்ட் ரிடையர்டு. தொளதொளவென்று பருத்தியில் கால்சட்டை தைத்துக்கொண்டேன். பார்க்கப் பழைய ஏட்டையா மாதிரி இருக்கிறேன் என்கிறாள். எங்கள் இருவருக்கும் முழுசாய்ப் போக மூன்று மாசம் ஆயிற்று.

இப்போது ஜோடியாகத்தான் நடக்கிறோம். எனக்குத் தனியாகப் போக சோம்பல். அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றால் போகாமல் முடியாது. காலையில் ஆறு மணிக்கே என் வயிற்றைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்க்கும் அந்தப் பார்வைக்கு எந்த மாத்திரையும் ஈடில்லை. என்னைவிட வேகமாக நடக்கிறாள். முந்திரி உடைக்க மணிக்கணக்கில் உட்கார்ந்தவளுக்கு நடப்பது ஓய்வு மாதிரி இருக்கிறதாம்.

போன வாரம் பழைய பைக் பையன் மறுபடி வந்து நின்றான். நான் கம்பீரமாக, “இல்லப்பா, நாங்க நடக்கறோம்” என்றேன்.

“உங்களக் கூப்புடல சார். அம்மா, நீங்க ஏறுங்க. சார் மெதுவா வரட்டும்” என்றான்.

ஏறிப் போயே விட்டாள்!