250 பவுன் பரிசு!

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் புரூக்வுட் என்ற சிறிய ஸ்டேஷன் வந்துவிடும். இறங்கி ஒரு பக்கம் நடந்தால் இங்கிலாந்திலேயே மிகப் பெரிய இடுகாடு. மறுபக்கம் நடந்தால் பிஸ்லி துப்பாக்கி மைதானம். இதைக் கேட்டு யாரும் கலவரப்பட வேண்டாம். இரண்டுக்கும் ஒருவித சம்பந்தமும் இல்லை! பிஸ்லியில் சுடப்படுவது அட்டை இலக்குகள்தாம்.

மணற்பாங்கான பூமி, பைன் மரங்கள், ஊதாப் பூப் பூக்கும் ஹீத் புதர்கள். நடுவே தாழ்வாரம் வைத்த பழைய கிளப் கட்டடங்கள். ஊட்டி, குன்னூர்ப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன பங்களாக்களைப் பார்த்தவர்களுக்கு இவை புதிதாகத் தோன்றா. 1952-ம் ஆண்டு வரை புரூக்வுட்டிலிருந்து முகாமுக்குள்ளேயே ஒரு குட்டி ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ‘பிஸ்லி புல்லட்’ என்று அதற்குச் செல்லப் பெயர்.

இங்குள்ள ‘செஞ்சுரி’ மைதானத்தில் நூறுக்கு மேற்பட்ட இலக்குகள் வரிசையாக நிற்கின்றன. அதில் 600 கஜ தூரம் வரை சுடலாம். ‘ஸ்டிக்கிள்டவுன்’ மைதானத்திலோ 1,200 கஜம் வரை சுடலாம். 1908-ம் வருஷ லண்டன் ஒலிம்பிக்கின் பெரும்பாலான துப்பாக்கிப் போட்டிகள் பிஸ்லியில் நடந்தன. 2002-ல் மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டின் துப்பாக்கிப் போட்டிகளும் இங்கேதான். அந்த ஆண்டு நம் அஞ்சலி பாகவத் நான்கு தங்கப் பதக்கங்களை இங்கிருந்து அள்ளிக்கொண்டு வந்தார் என்பது நமக்கெல்லாம் பெருமை.

மகாராணி சுட்ட குண்டு

பிஸ்லியின் கதை பிஸ்லியில் ஆரம்பிக்கவில்லை. இன்று டென்னிஸுக்குப் பேர்போன விம்பிள்டனில் ஆரம்பித்தது. 1860-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி அங்கே முதல் குண்டைச் சுட்டவர் யார் தெரியுமா? சாட்சாத் விக்டோரியா மகாராணியேதான்! விட்வொர்த் என்ற மான்செஸ்டர் நிபுணர் செய்த துப்பாக்கியை அசையாதபடி ஒரு தாங்கியில் பொருத்தி, 400 கஜ தூரத்தில் இருந்த இலக்குக்கு நேராக நிறுத்தி வைத்திருந்தார்கள். மகாராணி பட்டுக் கயிற்றை மெல்ல இழுத்தார். குண்டு இலக்கின் நட்ட நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலம் தள்ளிப் பாய்ந்தது. அடேயப்பா! ஆரவாரத்துக்குக் கேட்க வேண்டுமா?

அந்த விட்வொர்த் துப்பாக்கியின் குழல் உட்புறம் அறுகோண வடிவில் இருக்கும். ராணுவச் சோதனையில் அது பழைய என்ஃபீல்டு துப்பாக்கியைச் சுலபமாகத் தோற்கடித்தது. ஆனாலும் ராணுவம் அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டது. அதற்கு ஒரு முக்கிய காரணம், விலை ஏறக்குறைய நான்கு மடங்கு! ‘நல்ல சரக்கு வேண்டுமா, கைக்கு அடக்கமான விலை வேண்டுமா?’ என்ற நம் வீட்டுக் கேள்வி அன்றே துப்பாக்கிக்காரர்களையும் ஆட்டி வைத்திருக்கிறது.

மகாராணி அன்று மிகச் சிறந்த சுடுவீரருக்கு 250 பவுன் பரிசு அறிவித்தார். அந்தக் காலத்தில் ஒரு பவுன் என்றால் ஒரு தங்க நாணயம். நம் தட்டான் தராசில் இன்றும் ‘ஒரு பவுன்’ என்று 8 கிராம் நிறுக்கிறார்களே, அது அந்த இங்கிலீஷ் நாணயத்தின் எடைதான். 250 பவுன் என்றால் 2 கிலோ தங்கம்! ஒரு பெண்ணுக்கு அல்ல, ஒரு தெருவிலுள்ள பெண்களுக்கெல்லாம் கல்யாணம் செய்து வைக்கலாம்.

விம்பிள்டனில் வீடுகள் பெருகவே, போட்டி 1890-ல் பிஸ்லிக்கு இடம் மாறியது. மகாராணி இருந்தால் ‘ராணி பரிசு’, மன்னர் இருந்தால் ‘மன்னர் பரிசு’ என்று பெயர் மாறும். 2023 முதல் மறுபடி ‘மன்னர் பரிசு’. ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கிறது. பெயர் மாறினாலும் தொகை மட்டும் மாறவில்லை. இன்றும் அதே 250 பவுன். ஆனால் காகிதப் பவுன்! அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்று ஒரே ஒரு பவுன் தங்கம்கூடக் கிடைக்காது.

துப்பாக்கிக்கு ஒரு பட்ஜெட்

பரிசு இப்படியிருக்க, போட்டிக்கு வருகிறவரின் கையிலுள்ள துப்பாக்கியின் விலை என்ன? தன் உடம்புக்கென்று அளவெடுத்துப் புதிதாகச் செய்துகொண்டால் 4,000, 5,000 பவுன் ஆவது சகஜம். இத்தனை பணமும் எங்கே போகிறது? சமையலறைக் கணக்கு நோட்டைப் போல வரி வரியாகப் பார்ப்போம்.

முதலில், குண்டைப் போட்டு மூடும் எஃகுப் பகுதி. ‘ஆக்ஷன்’ என்பார்கள். இது வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. ஒரு முறை நல்லதாக வாங்கினால் ஆயுள் முழுதும் உழைக்கும். இதில் சிக்கனம் பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல.

இரண்டாவது, குழல். இலக்கைத் தொடும் பாக்கியம் இதன் நேர்த்தியில் இருக்கிறது. குழலும் அதைப் பொருத்தும் கூலியும் மட்டுமே அந்த 250 பவுனை விழுங்கிவிடும். அத்துடன் குழல் தேய்கிற சாமான். சில ஆயிரம் குண்டுகள் சுட்டதும் உட்புறம் அரித்துப்போகும்; வேறு குழல் மாற்ற வேண்டும். ஆகவே குழலை ஒரு தடவைச் செலவு என்று எழுதக் கூடாது. பள்ளிக்கூடச் சம்பளம் மாதிரி, திரும்பத் திரும்ப வரும் செலவு.

இங்கிலாந்தில் துப்பாக்கியை அரசாங்கச் சட்டப்படி சோதனைச் சாலையில் கொடுத்து, அளவுக்கு மீறிய மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, முத்திரை வாங்கிய பிறகே விற்கலாம். நாம் நகையில் ஹால்மார்க் பார்ப்பதுபோல அவர்கள் குழலில் முத்திரை பார்க்கிறார்கள். பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது.

மூன்றாவது, தோளில் அணைக்கும் கட்டை. ‘அளவெடுத்துச் செய்வது’ என்பதன் பொருள் இங்கேதான் விளங்கும். கை நீளம், கழுத்து உயரம், கன்னம் படியும் இடம் எல்லாம் பார்த்து இழைக்கிறார்கள். ஆறடி ஆசாமிக்குச் செய்த கட்டையை ஐந்தடிப் பெண் தூக்கினால், அக்காவின் ரவிக்கையைத் தங்கை போட்டுக்கொண்ட கதைதான். இப்போது பல கட்டைகளில் கன்னத் தாங்கியையும் தோள் தாங்கியையும் திருகி நகர்த்தலாம். ஆகவே கெட்டிக்காரர்கள் முதல் வருஷம் கிளப் துப்பாக்கியில் பழகுகிறார்கள். தங்கள் அளவு தெரிந்த பிறகுதான் பட்டறைக்குப் போகிறார்கள். பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கி, குழலை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்வோரும் உண்டு. பட்ஜெட்டைப் பாதியாகக் குறைக்கும் உபாயம் இது.

நான்காவது, குறி பார்க்கும் சாதனம். மன்னர் பரிசுப் போட்டியில் துப்பாக்கிமேல் டெலஸ்கோப் கூடாது. கண்ணருகே ஊசித் துளைபோல ஒரு துவாரம், குழலின் நுனியில் ஒரு வளையம், அவ்வளவுதான். துவாரத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தும் திருகுகள் துல்லியமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் விலை.

இதோடு முடிந்ததா? முழங்கைக்குப் பட்டை வைத்த கனத்த கோட்டு, தோள்வார், கையுறை, காதுக்கு மூடி, படுத்துச் சுட விரிப்பு, பூட்டி வைக்க இரும்புப் பெட்டி என்று உபரிச் செலவுகள் வரிசையில் நிற்கின்றன. கல்யாணப் பட்ஜெட்டில் ‘இதர செலவுகள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பிறகு முழிக்கிறோமே, அதே கதை!

எல்லாவற்றையும்விடப் பெரிய வரி கடைசியில் இருக்கிறது: குண்டு. நல்ல குண்டு ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு பவுன் பணம். ஒரு குழல் தேய்வதற்குள், துப்பாக்கியின் விலையளவு பணம் புகையாகப் போய்விடும். துப்பாக்கி வாங்கப் பணம் வைத்து, பழகப் பணம் வைக்காதவர் வீணை வாங்கி மூலையில் சாத்தியவருக்குச் சமம்.

காற்றுக்கு விலை உண்டா?

நன்றாகச் செய்த துப்பாக்கி 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கும். 1,000 கஜத்தில் அது சுமார் 10 அங்குலம். பணம் கொடுத்து வாங்கக்கூடிய துல்லியம் இதுவரைதான்.

ஆனால் மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் சாதாரணக் காற்று, அதே 1,000 கஜத்தில் குண்டை ஏழெட்டு அடி பக்கவாட்டில் தள்ளிவிடும்! மைதானமெங்கும் கம்பங்களில் கொடிகள் பறக்கின்றன. கொடியின் சாய்வைப் பார்த்து எவ்வளவு திருப்ப வேண்டும் என்று ஊகிக்கும் வித்தையை எந்தப் பட்டறையிலும் செய்து தர மாட்டார்கள்.

இதற்குச் சாட்சி, பிஸ்லிக்குச் சில மைல் தூரத்திலுள்ள ஃபிரிம்லி கிராமத்தில் கோழிப்பண்ணை நடத்திய மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண்மணி. 1930-ல் மன்னர் பரிசுப் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு வந்த நூறு பேரில் அவரும் ஒருவர். பிஸ்லியில் பெண்களுக்கென்று தனிப் போட்டி கிடையாது. ராணுவ அதிகாரிகளோடு சரிக்குச் சமம் படுத்துச் சுட வேண்டும். அந்த நாளில் போட்டி ராணுவ மாதிரித் துப்பாக்கியில்தான். ஆளுக்கேற்ற துப்பாக்கிகள் களத்துக்கு வந்தது 1960-களின் கடைசியில். அப்படிப்பட்ட துப்பாக்கியை வைத்துக்கொண்டே அந்தப் பெண்மணி 900 கஜம், 1,000 கஜம் இரண்டையும் சுட்டு முடித்தார். மொத்தம் 300-க்கு 280 புள்ளிகள். அடுத்து நின்ற லெப்டினன்ட் எக்கிள்ஸுக்கு 279. ஒரு குண்டு ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் இருவரும் சமமாக நின்றிருப்பார்கள்!

அந்தப் பரிசை வென்ற முதல் பெண் அவர். இரண்டாவது பெண்ணான ஜொவானா ஹோசக் வெல்வதற்கு 2000-ம் ஆண்டு வரை, எழுபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

வென்றவரை நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் தூக்கி, பாண்டு முழங்க, கிளப் கிளப்பாக ஊர்வலம் கொண்டுபோவது பிஸ்லி வழக்கம். 250 பவுனுக்காக யாரும் 5,000 பவுன் செலவழிப்பதில்லை. அந்த நாற்காலிக்காகத்தான் செலவழிக்கிறார்கள். பட்ஜெட் போடும்போது துப்பாக்கிக்கு ஒரு பங்கும் பழக்கத்துக்கு இரண்டு பங்கும் ஒதுக்கியவருக்குத்தான் அதில் உட்கார அதிக வாய்ப்பு.