டோபி குறியிலிருந்து பார்கோடு வரை

தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து போகும் உறவினர்களுக்கு டோபி காட் என்றால் ரயில் மாறும் இடம், அவ்வளவுதான். மூன்று பாதைகள் சந்திக்கும் நிலையம் அது. அவற்றுள் வடகிழக்குப் பாதை ரயில் 2003ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓடத் தொடங்கிய நாள் முதலே ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. நான் சொல்ல வந்தது ரயிலைப் பற்றியல்ல. அந்தப் பெயரைச் சற்றே கவனியுங்கள், வாசகர்களே. டோபி என்றால் துணி வெளுப்பவர். காட் என்றால் இந்தியில் படித்துறை. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அந்நாளில் அங்கே ஓடிய ஓடையில் துவைத்து, இன்று ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் நிற்கும் பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். நம்மவர்கள் அதை வண்ணான் தெரு என்றே அழைத்தார்கள்.

நூறு வீட்டுத் துணி ஒரே துறையில் வெளுக்கப்படுகிறது. எல்லாம் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. எது யாருடையது என்று எப்படித் தெரியும்? சேராங்கொட்டைச் சாற்றால் கழுத்துப் பட்டையின் உட்புறம் ஒரு சிறு குறி போடுவார்கள். எத்தனை முறை துவைத்தாலும் அது போகாது. இரண்டு புள்ளி ஒரு கோடு என்றால் ஒரு வீடு. மூன்று கோடு என்றால் இன்னொரு வீடு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தப்பில்லாமல் பிரித்துக் கொடுத்தார். சாமானின் மேல் குறி. குறியைப் படிக்க ஒரு கண். இன்றைய கிடங்குகளில் நடக்கும் அதிசயங்களுக்கெல்லாம் அடிப்படை இதுதான் என்றால் நம்புவீர்களா?

ஏன் இப்போது கிடங்குக் கதை என்று கேட்பீர்கள். என் அண்ணன் மகன் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வந்து சிங்கப்பூரின் மேற்குப் பக்கத்தில் ஒரு பெரிய கிடங்கில் வேலை செய்கிறான். சென்ற ஆண்டு அங்கே புது இயந்திரங்கள் வந்தன. இரவில் 12 பேர் பார்த்த வேலையை இப்போது 5 பேர் பார்க்கிறார்கள். அவன் அந்த ஐவரில் ஒருவன். அண்ணி குளுவாங்கிலிருந்து போன் செய்து, “இவனையும் அனுப்பிவிடுவார்களா? நீதான் விசாரித்துச் சொல்லணும்” என்றார். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள் அல்லவா? அதனால் விசாரித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சுவையான செய்தி. ஆங்கிலத்தில் ‘கோடவுன்’ என்கிறார்களே, அது நம் ‘கிடங்கு’தான் என்பார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள், மலாயில் ‘குடாங்’ ஆகி அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனதாம். சிங்கப்பூர் ஆற்றங்கரைக் கிடங்குகளில் மூட்டைகள் மனிதர் தோளில்தான் ஏறி இறங்கின. 1972ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. 1983இல் தொங்கான்கள் ஆற்றை விட்டுப் போயின. அந்தக் கிடங்குகளில் இப்போது உணவகங்கள்.

பார்கோடு பிறந்த கதை அழகானது. அமெரிக்காவில் உட்லண்ட் என்பவர் கடற்கரையில் உட்கார்ந்து, தந்தி முறையின் புள்ளியையும் கோட்டையும் நினைத்துக்கொண்டே மணலில் விரலால் கீழ்நோக்கி இழுத்தாராம். தடித்த கோடும் மெல்லிய கோடுமாக வந்தது. 1952இல் அவரும் அவருடைய நண்பர் சில்வரும் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் 1974ஆம் ஆண்டு ஜூன் மாதம்தான் ஒஹாயோவில் ஒரு கடையில் ஒரு சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாக அப்படிப் படிக்கப்பட்டது. அதற்குப் பின் வந்தது ஆர்.எஃப்.ஐ.டி. என்னும் சின்னஞ்சிறு வில்லை. பார்கோடை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். இந்த வில்லையோ வானொலி அலையில் தன் எண்ணைச் சொல்லிவிடும். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளிருக்கும் நூறு சாமானையும் எண்ணிவிடலாம். சிங்கப்பூர் நூலகங்கள் 1998இல் புக்கிட் பாத்தோக்கில் தொடங்கி இதைப் புத்தகங்களில் ஒட்டின. பெரிய ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, துவாலைகளிலும் இப்போது இதை வைத்துத் தைக்கிறார்கள். டோபி குறி மறுபடி துணிக்கே வந்துவிட்டது பாருங்கள்!

இனி விஷயத்துக்கு வருவோம். தோட்டத்து ஸ்டோர் உங்களுக்குத் தெரியும். மண்வெட்டி ஒரு மூலை, உரம் ஒரு மூலை, வாளியும் மங்கும் ஒரு மூலை. எல்லாம் ஸ்டோர் கிராணியின் தலைக்குள் இருக்கும். அவர் லீவு போட்டால் ஒரு ஆணி கிடைக்காது. அதனால்தான் அவருக்கு அத்தனை மதிப்பு. புதுக் கிடங்கில் சாமானுக்கென்று நிலையான இடமே கிடையாது. எந்தத் தட்டு காலியோ அங்கே வைப்பார்கள். பால் மாவுக்குப் பக்கத்தில் செருப்பு இருக்கும். அதற்கு மேல் குழந்தை பொம்மை இருக்கும். பார்த்தால் குப்பை போலத் தோன்றும். ஆனால் எது எங்கே என்று கணினிக்குத் தெரியும். சில இடங்களில் ஆள் நடந்து போவதே இல்லை. தட்டையான இயந்திரம் ஒன்று அலமாரிக்கு அடியில் புகுந்து, அதைத் தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் இடத்துக்கு வருகிறது. அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் இப்படி இயந்திரம் செய்த கம்பெனி ஒன்றை 2012இல் முழுதாகவே வாங்கிக்கொண்டது.

இதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு இரவு முழுக்க நடந்துவிட்டு வந்து, முட்டியில் தைலம் தடவிக்கொண்டு படுத்த பிள்ளை இப்போது நிமிர்ந்து நடக்கிறான். ஆனால் அவன் சொன்ன ஒரு வார்த்தை என் மனத்தில் தங்கிவிட்டது. “அத்தை, முன்பெல்லாம் எந்தச் சாமான் எங்கே என்று என்னைக் கேட்பார்கள். இப்போது திரை எனக்குச் சொல்கிறது.” கிராணியின் தலைக்குள் இருந்தது கணினிக்குள் போய்விட்டது. அதோடு அவருடைய மதிப்பும் போய்விட்டது.

இன்னொன்று, அவன் கையிலுள்ள ஸ்கேனர் சாமானைப் படிப்பதோடு அவனையும் படிக்கிறது. ஒரு மணி நேரத்தில் எத்தனை எடுத்தான், நடுவில் எத்தனை நிமிடம் சும்மா இருந்தான், எல்லாம் பதிவாகும். பால் வாளியைத் தராசில் வைத்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதித்து, செக்ரோலில் எழுதிய வாழ்க்கை நமக்குப் புதிதல்ல. ஆயினும் தராசில் வைத்தது பாலைத்தான். நாம் எங்கே நின்று வெற்றிலை போட்டோம் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. (கங்காணிகள் சிலர் எடுத்தார்கள், அது வேறு கதை!)

அப்படியானால் ஐவரில் நிலைப்பவர் யார்? விசாரித்தவரையில், அள்ளி எடுத்து வைப்பவரைவிட, இயந்திரம் நின்றுபோனால் ஏன் நின்றது என்று பார்க்கத் தெரிந்தவருக்கே வேலை நிலைக்கிறது. துவாஸில் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட புதிய துறைமுகத்தில் கொள்கலன் வண்டிகளே ஓட்டுநர் இல்லாமல் ஓடுகின்றன. அங்கேயும் அவற்றைக் கண்காணிக்கவும் பழுது பார்க்கவும் ஆட்கள் வேண்டியிருக்கிறது. ஆகவே உங்கள் பிள்ளைக்குக் கிடங்கு வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். இயந்திரம் வந்தால் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுப்பார்களா, படிக்கப் போகும் நாளுக்குச் சம்பளம் உண்டா, ஸ்கேனர் கணக்கை அவனும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

அண்ணியிடம் இதைத்தான் சொன்னேன். பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இயந்திரப் பராமரிப்பு வகுப்புக்குப் போகிறான். சொந்தக் காசில்தான். மூன்று மாதப் பாடம். முதல் மாதம் முடிந்திருக்கிறது. மின்சாரப் பாடம் கடினமாக இருக்கிறதாம். தேர்ச்சி பெற்றாலும் அந்தக் கிடங்கில் அவனுக்கு அந்த வேலையைத் தருவார்களா என்பதை மேலாளர் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை.