ஊருக்கு வைத்திருந்த பணம்

ஜான்சி நகருக்கு நான் மாற்றலாகி வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்னையிலிருந்து தில்லிக்குச் செல்லும் தொடர்வண்டிகள் பல இவ்வூரின் வழியே செல்கின்றன. நிலையத்தை அடுத்த தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் சிலவும் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று, தள்ளுவண்டியில் இட்லி விற்றுப் பிழைக்கும் குடும்பம். அக்குடும்பத்தின் மூத்த மகன் என்னிடம் தமிழ் பயின்றவன். அவனுக்கு நான் கூறிய ஓர் அறிவுரையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில், ஒரு மாலைப் பொழுதில் அவனும் அவன் தாயாரும் என் வீட்டிற்கு வந்தனர். கணினித் துறையில் தொடக்கநிலைச் சான்றிதழான ‘ஓ லெவல்’ படிக்க வேண்டும் என்பது அவன் விருப்பம். நடுவண் அரசின் நைலிட் நிறுவனம் நடத்தும் தேர்வு அது. நான்கு தாள்கள் உண்டு. கணினிக் கருவிகளும் வலையமைப்பும் முதல் தாள். வலைத்தள வடிவமைப்பு இரண்டாவது. பைத்தான் மொழியில் நிரல் எழுதுதல் மூன்றாவது. பொருள்களின் இணையம் நான்காவது. இவற்றோடு செய்முறைத் தேர்வும் திட்டப்பணியும் உண்டு. ஏற்பு பெற்ற பயிற்சி நிலையத்தின் வழியாகவும் இதனை எழுதலாம். எங்கும் சேராமல் நேரடியாகவும் எழுதலாம்.

கடைத்தெருவில் இருந்த ஒரு பயிற்சி நிலையம் 18,000 ரூபாய் கேட்டிருந்தது.

“ஐயா, கையில் அவ்வளவு பணம் இருக்கிறது. ஆனால் அது ஊருக்குப் போவதற்காகச் சேர்த்த பணம். என் மாமியாரைப் பார்த்து நான்கு வருடம் ஆகிறது. ஊருக்குப் போவதா, இவனை வகுப்பில் சேர்ப்பதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார் அந்த அம்மையார்.

நான் சிறிதும் தயங்கவில்லை. “பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாடக் காணொளிகளும் கிடைக்கின்றன. நான் முதுகலைப் பட்டத்தையே அஞ்சல் வழியில் வீட்டிலிருந்து படித்தேன். உங்கள் மகனும் படிப்பான். நீங்கள் ஊருக்குப் போய் வாருங்கள்” என்றேன். அவர்கள் மகிழ்ச்சியோடு சங்கரன்கோவிலுக்குப் பயணச்சீட்டு எடுத்தனர்.

சனவரியில் மூன்று தாள்களை அவன் எழுதினான். முதலிரண்டு தாள்களில் தேறினான். பைத்தான் தாளில் தேறவில்லை. செய்தி கேட்டு அவன் வீட்டிற்குச் சென்றேன். அவன் குறிப்பேட்டைக் காட்டினான். அழகிய கையெழுத்தில் நிரல்கள் வரிவரியாக எழுதப்பட்டிருந்தன. செய்யுளை மனப்பாடம் செய்வது போல் அவற்றை அவன் மனப்பாடம் செய்திருந்தான்.

“இவற்றை இயக்கிப் பார்த்தாயா?” என்று கேட்டேன்.

“வீட்டில் கணினி இல்லை, ஐயா. அப்பாவின் கைப்பேசியில்தான் பார்த்தேன். பிழை என்று வரும். ஏன் என்று தெரியாது. அடுத்த பாடத்திற்குப் போய்விடுவேன்” என்றான்.

பைத்தான் மொழியில் ஒரு வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. எந்த வரி எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதை அந்த இடைவெளியே காட்டும். அது பிசகினால் நிரல் நின்றுவிடும். கைப்பேசியின் சிறு திரையில் அந்தப் பிசகு அவன் கண்ணுக்குப் புலப்படவில்லை. அருகில் அமர்ந்து ஒருவர் விரலால் சுட்டிக்காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அவனோ அந்த ஒரு பிழையோடு மூன்று வாரம் போராடியிருக்கிறான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் தனியே படித்தேன் என்று அவர்களிடம் பெருமையாகக் கூறினேனே, அது முழு உண்மையா? எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு நூலகர் இருந்தார். ஞாயிறுதோறும் நான் படித்ததைக் கேட்பார். விளங்காத இடத்தை விளக்குவார். ஒரு வாரம் நான் வராவிட்டால் ஆள் அனுப்புவார். கட்டணம் இல்லாத ஆசிரியர் அவர். அவரை மறந்துவிட்டு, எல்லாம் என் முயற்சியே என்று எண்ணியிருந்தேன். அந்த மறதியின் விலையை என் மாணவன் கொடுத்தான்.

மறுநாள் இருவரும் அமர்ந்து, அவன் தானே படிக்கக் கூடியவை எவை, பிறர் துணை வேண்டியவை எவை என்று இரு பட்டியல்கள் எழுதினோம். இரண்டாம் பட்டியலில் இருந்தவை இரண்டே: நிரலாக்கமும் செய்முறையும். அவற்றுக்காக மட்டும் பாலிடெக்னிக் மாணவர் ஒருவரை அமர்த்தினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் மடிக்கணினியோடு வருவார். மாதம் 1,000 ரூபாய். சூலைத் தேர்வில் எஞ்சிய இரு தாள்களிலும் அவன் தேறினான். பின்னர்ச் செய்முறையிலும் தேறினான். இப்போது ஒரு மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் பணிபுரிகிறான்.

அவன் தாயாரிடம் வருத்தம் தெரிவித்தேன். “என் சொல்லால் உங்கள் பிள்ளைக்கு ஆறு மாதம் வீணாயிற்று” என்றேன். அவர் சிரித்தார். “நாங்கள் போனபோது என் மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார்கள், ஐயா. பேரனை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அவன் கையை விடவே இல்லை. தேர்வை மறுபடியும் எழுத முடிந்தது. அதை மறுபடியும் பெற முடியுமா?” என்றார்.

மாணவர்களே, உங்களில் பலருக்கும் நாளை இக்கேள்வி வரும். வகுப்பில் சேர்வதற்கு முன் ஒரு மாதம் நீங்களே படித்துப் பாருங்கள். தடுமாறும் இடங்களைக் குறித்து வையுங்கள். அதன் பிறகும் வகுப்பு வேண்டுமெனில், அந்த நிலையம் அதே படிப்பிற்கு ஏற்பு பெற்றதா, தேர்வுக் கட்டணம் தனியா, ஒருவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கணினி கிடைக்கும் என்று கேளுங்கள். விடை எதுவாயினும், உங்கள் பிழையைச் சுட்டிக்காட்ட ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் அண்ணனாக இருக்கலாம். அடுத்த வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். பிற்காலத்தில் நீங்கள் வெற்றி பெற்று அக்கதையைச் சொல்லும்போது, அவரை மறவாமல் சொல்லுங்கள்.