பீவா ஏரிக்கரையில் ஒரு பழஞ்சுவை

யப்பானிலே உண்மையான சுஷி எதுவென்று கேட்டால், பெரும்பாலோர் தோக்கியோவின் பக்கமே கை காட்டுவர். வினாகிரி கலந்த சோற்றைக் கையாற் பிடித்து, அதன்மேற் பச்சை மீன்துண்டொன்றை வைத்து, நொடிப்பொழுதில் நீட்டும் கடைகள் அங்கே எண்ணில. ஆயினும், அவ்வுணவின் வயது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே. அதன் பாட்டியைக் காண விரும்புவோர் கியோத்தோவிலிருந்து கிழக்கே செல்லும் புகைவண்டியில் ஏறவேண்டும். பத்து நிமிட நேரத்தில் ஒத்ஸு நகரம் வந்துவிடும். அதனை அடுத்து, யப்பானின் மிகப் பெரிய ஏரியாகிய பீவா, சுமார் 670 சதுர கிலோமீற்றர் பரப்பிற் கடல்போல் விரிந்து கிடக்கின்றது.

இவ்வேரிக்கரை ஊர்களின் பழம்பெரும் உணவு ஃபுனாசுஷி. இளவேனிற் காலத்தில், சினை நிறைந்த நிகோரோபுனா என்னும் கெண்டையினத்து மீனைப் பிடிப்பர். சினை சிதையாமற் குடலை நீக்கி, மாதக்கணக்கில் உப்பிலிடுவர். கோடையில் அதனைக் கழுவி, மரத்தொட்டியில் மீனும் சோறுமாக அடுக்கிப் பாரக்கல் ஏற்றுவர். பல மாதங்கள், சிலவேளை ஓராண்டுக்கு மேலும், அது புளிக்கும், எலும்பும் மெதுவாகிவிடும். பின்னர் சோற்றை வழித்தகற்றி, மீனை மெல்லியதாக நறுக்கிப் பரிமாறுவர். முற்றிய பாற்கட்டியை ஒத்த மணம் முதலில் மூக்கைத் தாக்கும். சுவை அதன் பின்னரே புலப்படும்.

மீன் கெடாமற் காப்பதே இங்கே சோற்றின் தொழில். சுஷி என்னும் சொல்லும் புளிப்பைக் குறிப்பதே என்பர். 927ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற எங்கிஷிகி என்னும் அரச விதிநூல், வரியாகச் செலுத்தப்பட்ட சுஷி வகைகளைக் குறிப்பிடுகின்றது. காலப்போக்கில், காத்திருக்கப் பொறாத மக்கள் சோற்றையும் சேர்த்து உண்ணலாயினர். பின்னர் புளிப்புக்காக வினாகிரியையே ஊற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரத்துத் தெருக்கடைகளிற் பிடிசுஷி பரவியது. சால்மன் மீனைப் பச்சையாகச் சுஷியில் வைக்கும் வழக்கமோ, 1980ஆம் ஆண்டுகளில் நோர்வே நாட்டவரின் முயற்சியாற் பரவியது. இன்று அசல் எனப் போற்றப்படுவனவும் ஒருகாற் புதுமைகளாகவே இருந்தன.

புதிய சுஷிகள் தோன்றியதால் ஃபுனாசுஷிக்குக் கேடு வரவில்லை. கேடு வந்தது ஏரிக்கே. 1960ஆம் ஆண்டில் சிக்காகோ நகர முதல்வர், அப்போது முடிக்குரிய இளவரசராயிருந்த அகிஹித்தோவுக்குப் புளூகில் மீன்களைப் பரிசளித்தார். ஆராய்ச்சி நிலையத்துக்கு அளிக்கப்பட்ட அம்மீனினம் பின்னர் நீர்நிலைகளிற் பரவி, நாட்டு மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பெருகியது. முட்டையிடும் இடமாகிய நாணற்காடுகளும் கரையோரத்திற் குறைந்தன. 2007ஆம் ஆண்டில், பேரரசராக இவ்வேரிக்கரைக்கு வந்த அகிஹித்தோ, இதனால் தம் மனம் நோவதாக வெளிப்படையாகவே கூறினார்.

அயல் மீன்களைப் பிடித்தகற்றுவதும், நிகோரோபுனாக் குஞ்சுகளை வளர்த்து ஏரியில் விடுவதும், நாணலை நடுவதும் அங்கே நடைபெற்று வருகின்றன. சுஷியின் அசலைத் தேடிச் செல்வோர் சமையற்காரரின் கைத்திறனை வியப்பதோடு நில்லாது, அந்த நாணற் கரையையும் ஒருமுறை பார்த்து வருதல் நன்று.