பூட்ஸுக்கு மேல் ஓர் உறை

சீரியல் கில்லர் படம் என்றாலே நம் கண் கொலைகாரனைத் தேடித்தான் ஓடும். பாங் ஜூன் ஹோ 2003-இல் எடுத்த ‘மெமரிஸ் ஆஃப் மர்டர்’ என்ற கொரியப் படத்தைப் பார்க்கும் தோழர்கள் கொலைகாரனைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். சந்தேகத்தின் பேரில் யாரை இழுத்து வருகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை சிறுமிகள் உட்பட பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்குதான் கதைக்கு அடிப்படை. சர்வாதிகாரி சுன் டூ ஹ்வானின் காலத்தில் படம் தொடங்குகிறது. ஓர் இரவு, இன்று கொலை நடக்கும் என்று பயந்து கூடுதல் படை கேட்கிறார்கள். எல்லோரும் போராட்டத்தை ஒடுக்கப் போயிருக்கிறார்கள் என்று பதில் வருகிறது.

முதலில் மாட்டுபவன் குவாங் ஹோ. அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞன், முகத்தில் தழும்பு. இறந்த பெண்ணின் பின்னால் சுற்றினான் என்று ஊரில் ஒரு பேச்சு, அது போதுமானதாக இருக்கிறது. அவனுடைய ஷூவை வைத்தே மண்ணில் தடம் பதித்து ஆதாரம் தயாரிக்கிறார் பார்க் என்ற போலீஸ்காரர். அவருடைய கூட்டாளி உதைப்பதற்கு முன் பூட்ஸுக்கு மேல் ஓர் உறை மாட்டிக்கொள்கிறார், தடயம் விழக்கூடாதாம். அடித்த பிறகு நூடுல்ஸ் வாங்கிக்கொடுத்து சேர்ந்து உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். தியேட்டரில் சிரிப்பு வரும் இடம் இது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “திருட்டு எங்க நடந்தாலும் ஜீப்பு எங்க காலனிக்குத்தான் தம்பி வரும்” என்று களப்பணியில் ஓர் அம்மா சொன்னது காதில் நிற்கிறது. யார் சொல்லுக்கு மதிப்பில்லையோ அவரிடமிருந்துதான் வாக்குமூலம் சுலபமாகக் கிடைக்கும்.

குவாங் ஹோ சொன்னது வாக்குமூலமே அல்ல, சாட்சியம். கொலையை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அது அவர்களுக்கு உறைக்கும்போது, போலீஸைக் கண்டாலே ஓடும் நிலைக்கு அவனை ஆக்கிவிட்டிருந்தார்கள். ஓடியவன் ரயிலில் அடிபட்டுச் சாகிறான். இருந்த ஒரே சாட்சியை அழித்தது கொலைகாரன் அல்ல.

கற்பனைதானே என்பீர்கள். 1988-இல் நடந்த எட்டாவது கொலைக்கு, போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஓர் இளம் தொழிலாளியைப் பிடித்தார்கள். தூங்கவிடாமல் விசாரித்து வாங்கிய வாக்குமூலம், கூடவே ஒரு முடி ஆய்வு. ஆயுள் தண்டனை. இந்தப் படம் வெளியாகி ஊரே கொண்டாடியபோது அவர் சிறையில் இருந்தார். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து 2009-இல் வெளியே வந்தார், கொலைகாரன் என்ற பெயரோடு. 2019-இல் டிஎன்ஏ வேறொருவனைக் காட்டியது. மனைவியின் தங்கையைக் கொன்றதற்காக 1994 முதலே சிறையில் இருந்த அவன், எட்டாவது கொலையையும் ஒப்புக்கொண்டான்.

அந்தத் தொழிலாளி நிரபராதி என்று 2020 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. பழைய கொலைகளுக்காக உண்மைக் கொலைகாரன் மீது வழக்குப் போட முடியவில்லை. சட்டம் தந்த காலவரம்பு முடிந்துவிட்டது. அடித்து வாக்குமூலம் வாங்கிய போலீஸ்காரர்களுக்கும் அதே காலவரம்புதான்.