செர்காமில் பூனை கீறினால்...

மெர்லிமாவிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் செர்காம். மாலையில் இக்கான் பாக்கார் கடைகளின் புகைதான் முதலில் வரவேற்கும். சம்பல் தடவிய திருக்கை மேசைக்கு வருவதற்குள் மேசைக்கடியில் பூனைகள் வந்துவிடும். அவற்றுக்கு ஒரு துண்டாவது போடாமல் எழ யாருக்குத்தான் மனம் வரும்?

கடலை விட்டு உள்ளே வந்தால் செம்பனைத் தோட்டங்கள். அங்கே என் அத்தை வீட்டுக்கும் நாலைந்து தெருப்பூனைகள் சாப்பிட வரும். மூக்கில் புண்ணோடு வந்த ஒன்று போன வருடம் அத்தையின் விரலைக் கீறியது. மூன்று வாரத்தில் சின்னக் கட்டி. கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை. விரலிலிருந்து முழங்கை வரை மணி கோத்தது போல் வரிசையாகக் கட்டிகள் கிளம்பின. வலிதான் இல்லையே என்று அத்தை மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

மலாக்காவில் தோல் சிறப்பு மருத்துவர் அந்த வரிசையைப் பார்த்ததுமே கேட்டார்: “வீட்டில் பூனை இருக்கா?”

நோயின் பெயர் ஸ்போரோட்ரிக்கோசிஸ். 1898-இல் அமெரிக்காவில் முதலில் விவரிக்கப்பட்ட பூஞ்சை நோய். பல நாடுகளில் ரோஜா முள், வைக்கோல் குத்தி வரும். மலேசியாவில் பெரும்பாலும் பூனை வழி. நோயுற்ற பூனையின் புண்ணில் பூஞ்சை மண்டிக் கிடக்கும். நகம் அதைத் தோலுக்கடியில் விதைத்துவிடுகிறது. நிணநீர்க் குழாய் வழியே அது மேலேறுவதால்தான் அந்த வரிசை. கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்து, ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை வளர்த்துப் பார்த்து உறுதி செய்கிறார்கள்.

மருந்து இட்ராகோனசோல், வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம். புண் ஆறியதும் நாமாக நிறுத்தக் கூடாது. சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையோடு இது சேரவே சேராது. வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அத்தைக்கு ஐந்து மாதம் பிடித்தது.

தோலுக்கடியில் பூஞ்சை என்றால் நம் மதுரைக்கும் அதில் பெயர் உண்டு. வெறுங்காலோடு வயலில் நடந்தவர்களின் பாதம் வீங்கிப் புரையோடியதை 1842-இல் அங்கே ஒரு மருத்துவர் பதிவு செய்தார். பிறகு ‘மதுரா கால்’ என்றே பெயர் நிலைத்தது. அதுவும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. அதனாலேயே தள்ளிப்போட்டுக் காலை இழந்தவர்கள் ஏராளம்.

பூனையைக் கொண்டுபோய் எங்கோ விட்டுவராதீர்கள். நோய் அடுத்த தெருவுக்குப் போகும், அவ்வளவுதான். கையுறை போட்டுப் பிடித்து, தனியே அடைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கும் இதே மருந்துதான். அதற்கும் மாதக்கணக்கில்தான்.